ஆத்தாவின் எல்லை

செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். என் மனைவி அடுப்படியில் வேலை செய்தபடியே கேட்பாள். பிடிக்காத செய்தி வந்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அன்று காலை மிக்ஸி ஓடவில்லை. எங்கோ தொலைவில், வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கிரகத்தின் காற்றில், உயிர்கள் இருந்தால் வரக்கூடிய ஒரு வாயுவின் தடயம் தெரிகிறதாம். உயிர் இருக்கிறது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதுவே போதும். பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். சாமி, சகுனம், ஜாதகம் எதிலும் நம்பிக்கை கிடையாது. வானத்தில் இப்படி ஏதாவது நடந்தால் மட்டும் தலைகால் புரியாது.

"பாத்தியா அம்மணி, அங்கயும் யாரோ இருக்கறாங்களாட்ட இருக்குது" என்றேன்.

அவள் தலையில் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். போன வருடம் மார்பில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றும் முதல் சுற்றையும் தாண்டியிருந்தாள். முடி கொட்டியதிலிருந்து வீட்டில் துண்டுதான். அடுத்த சுற்றையும் ஏற்றிவிட்டால் நல்லது, தள்ளிப்போடக் கூடாது என்று ஆர்.எஸ்.புரத்தில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்குச் சில நாட்கள் இருந்தன.

"அவிங்களுக்கும் நோவு நொடியெல்லாம் வருமுங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"அங்க இருக்கறவிங்களுக்கு."

"ஆளுன்னு எவன் சொன்னான்? கிருமியா இருந்தாலும் இருக்கும்."

"கிருமின்னாலும் உசுரு தானுங்க. அதுக்கும் ஒரு சாமி இருக்கோணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அன்று முழுக்க அவள் ஏதோ யோசனையாகவே இருந்தாள். குழம்பில் உப்பு இல்லை. அவள் உப்பை மறக்கிற ஆளே இல்லை. மறுநாள் நான் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அந்த மாதிரி இன்னும் எத்தன இருக்குமுங்க?" என்று கேட்டாள். எத்தனை என்று யாருக்கும் தெரியாது, எண்ணி மாளாது என்று, சோப்பு நுரையோடு, பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். அவள் முகம் பொக்கென்று போய்விட்டது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போன அன்றுதான் விளங்கியது. அவர் தேதி குறிக்கப் போனார். இவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாமுங்க டாக்டரம்மா. இத்தோட போதுமுங்க" என்றாள். சத்தமே போடாமல், பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். டாக்டரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், ஆனால் சரி என்று சொல்லவில்லை. யோசித்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

காரில் ஏறியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு என்ன ஆச்சு? மொதல்ல ஏத்துனப்ப கல்யாணத்துக்குப் போற மாதிரி போனயே" என்று கத்தினேன்.

அவள் முதல் சுற்றுக்கு அப்படிப் போனதற்குக் காரணம் உண்டு. வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வம் இருக்கிறது, ஒரு அம்மன். ஆத்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம். எல்லோரும் என்றால் என்னைத் தவிர. பிறந்ததிலிருந்து அது என் குலசாமி. இவளுக்கோ கல்யாணமாகி வந்த பிறகுதான் அறிமுகம். ஆனால் கும்பிடுவதெல்லாம் இவள், காருக்கு டீசல் போடுவது நான். அங்கே பூ கேட்கும் வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி பொட்டலமாகக் கட்டி ஆத்தா முன்னால் போடுவார்கள். கேட்பவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. பெண் பார்ப்பது, போர் போடுவது, காடு தோட்டம் வாங்குவது எல்லாமே எங்கள் பக்கத்தில் பூ கேட்டுத்தான். மருந்து ஏற்றலாமா என்று போன வருடம் இவள் கேட்டாள். வெள்ளை வந்தது. "ஆத்தா சொல்லிப்போட்டா" என்று எழுந்து போனவள், அத்தனை வாந்தியிலும் ஒரு வார்த்தை முனகவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"சொல்லு, இப்ப என்ன ஆச்சு?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "ஏனுங்க, நம்ம ஒரு உலகம்னு இருந்தவரைக்கும் சரிங்க. இத்தன உலகம் இருந்து, அத்தனையிலும் உசுருக இருந்து, அதுகளும் நோவுல கெடந்து கூப்புட்டா, நம்ம சத்தம் எங்கீங்க கேக்கும்? கலெக்டர் ஆபீசுல மனுநாளைக்கு நிக்கற கூட்டத்த நீங்க பாத்ததில்லீங்களா?"

நான் குஷியாகப் படித்த அந்தச் செய்தி இவள் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை அறுத்துப்போட்டிருந்தது. அந்தக் கயிறு எனக்கு எப்போதும் கேலிதான். ஆனால் அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை என்பதும், அவளை விட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை என்பதும் அந்த டிராபிக்கில் நின்றபோது நன்றாக உறைத்தது. பயமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் சாமி கட்சிக்கு மாறினேன். ஈரேழு பதினாலு லோகம் என்று நம்ம ஆட்கள் அப்போதே சொல்லி வைத்திருக்கிறார்களே, அகிலாண்ட கோடி பிரம்மாண்ட நாயகி என்று அர்ச்சனையிலேயே வருகிறதே, இன்னும் ரெண்டு உலகம் கூடினால் சாமிகளுக்கு என்ன கஷ்டம் என்று வாதாடினேன். என் வாயிலிருந்து இதெல்லாம் வருவதைக் கேட்டு அவளே கொஞ்சம் ஆடிப்போனாள்.

"அதெல்லாம் பெரிய சாமிக்குங்க" என்றாள். "நம்ம ஆத்தா அப்புடியில்லீங்க. அவளுக்கு எல்லை கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளத்தோட சரி. நம்ம சனத்தப் பாத்துக்கறதுதான் அவளுக்கு வேல. அவளும் மேல சொல்லித்தான செய்யோணும்? மேல இருக்கறவருக்கு இத்தன சோலி இருந்தா, அவ சொல்றத யாரு காதுல வாங்குவா?"

"சரி, அவிநாசிக்குப் போலாம். நேரா பெரிய சாமிகிட்டயே சொல்லிப்போடலாம். முதலை முழுங்குன புள்ளையவே திருப்பி வாங்கிக் குடுத்த ஊரு."

"அங்க பதிகம் பாடிக் கேட்ட நாயனாரு எப்பேர்ப்பட்டவரு. நான் யாருங்க?"

நீதான் எல்லாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. "எதப் பேசுனாலும் எதுத்துப் பேசு" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அந்த வாயு விஷயத்தில் மற்ற விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று பேப்பரில் வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். பொய்யாம் அம்மணி, அங்கே ஒரு மண்ணும் கிடையாதாம் என்று கொஞ்சம் கூடவே சேர்த்துச் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "சந்தேகம்னுதான் போட்டிருக்குது. இன்னிக்கு இல்லீன்னாலும் நாளைக்குக் கண்டுபுடிச்சுப்போடுவாங்க" என்று மடித்துக் கொடுத்தாள். வானத்தில் எதுவுமே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த வாரம்தான்.

வியாழக்கிழமை காலையில் அவளே சொன்னாள். "வெள்ளகோவில் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா? ஆத்தாகிட்ட ஒண்ணு கேக்கோணும்."

மருந்து ஏற்றுவதைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். வேறு எதைக் கேட்பாள்? சூலூர், பல்லடம், காங்கேயம் என்று வண்டி ஓட்டிக்கொண்டே போகும்போது எனக்கு ஒரே கணக்குதான். ரெண்டு பொட்டலம். பாதிக்குப் பாதி. என் பெண்டாட்டியின் உயிர் ஒரு அரளிப் பூவில் தொங்குகிறது. அவளோ கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். காங்கேயம் தாண்டியதும் கண் விழித்து, மேய்ச்சல் காட்டில் நின்ற மாடுகளைப் பார்த்து, "எத்தன அமைதியா நிக்குதுக பாருங்க" என்றாள்.

கோயிலில் எங்களைத் தவிர பூசாரி மட்டும்தான் இருந்தார். இவள் கைகால் கழுவத் தொட்டிப் பக்கம் போனதும், நான் பூசாரியை ஓரமாகக் கூட்டிப்போனேன். அவள் உடம்பு நிலைமையைச் சொன்னேன். பிறகு, "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவவே வெச்சுக் கட்டிப்போடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அது ஆகாதுங்க."

"யாருக்கும் தெரியாதுங்க. ஒரு உசுரு சமாச்சாரம்."

"தேங்கா ஒண்ணுக்குப் பத்தா ஒடைக்கச் சொல்லுங்க, ஒடைக்கறேன். இது எனக்குக் கை வராதுங்க. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாமி இல்லை என்கிற நான் அவருக்குப் புண்ணியக் கணக்கெல்லாம் சொல்லிக் கெஞ்சத் தயாராக இருந்தேன். அதற்குள் இவள் ஈரக் கையோடு வந்துவிட்டாள்.

பொட்டலம் இரண்டும் ஆத்தா காலடியில் கிடந்தன. சின்னக் குழந்தை யாராவது இருந்தால் எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்கு யாருமில்லாததால் அவளையே எடுக்கச் சொன்னார் பூசாரி. அவள் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குனிந்து இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். பூசாரி நூலைப் பிரித்தார்.

சிவப்பு.

சன்னதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பூவாவது மண்ணாவது, இன்னொரு தடவை போடுங்கள் என்று சண்டைக்குப் போக வாயெடுத்தேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்த அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. துண்டுக்குக் கீழே முகமே வேறாக இருந்தது.

காருக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் கேட்டேன். "சிவப்பு வந்துருக்குது. எதுக்குச் சிரிக்கற? பைத்தியமா உனக்கு?"

"திங்கக்கெழமையே மருந்து ஏத்திக்கறேன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

"ஆகாதுன்னுதான வந்துது?"

"நான் மருந்தப் பத்திக் கேக்கவே இல்லீங்களே." பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஜோசியகாரங்ககிட்டப் போனா மொதல்ல நடந்து முடிஞ்சதத்தான கேப்பாங்க? அதச் சரியாச் சொன்னாத்தான வரப்போறத நம்புவாங்க? அப்புடித்தான் ஆத்தாகிட்டயும் கேட்டேன். இத்தன உலகத்துக்கு நடுவுல நம்ம ஊட்டு நெலவரம் இன்னும் அவளுக்குத் தெரியுதான்னு பாக்கோணுமில்ல. எனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா ஒண்ணு வெச்சேன்."

"என்ன கேட்ட?"

"நான் போயிட்டா இவரு தனியா இருந்துக்குவாரான்னு கேட்டேன்."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தேன். பூசாரி மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால் வெள்ளைதான் வந்திருக்கும். இருந்துக்குவார் என்று ஆத்தா சொன்னதாக ஆகியிருக்கும். நம்மை ஆத்தாவுக்கே தெரியவில்லை என்று இவள் முடிவு கட்டியிருப்பாள். நான் எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதை என் கையாலேயே தொலைத்திருப்பேன். பூசாரியிடம் நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

"ஆத்தா மறக்கலீங்க" என்றாள். "அங்க இருக்கறவிங்களையும் யாரோ ஒரு ஆத்தா பாத்துக்குவா. கும்புடறப்ப அவிங்களுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கறேன்."

எனக்குச் சாமி நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு பாதி வந்தது, அவ்வளவுதான். ஆனால் வந்த பதில் உண்மை. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

"ஏம்மணி" என்றேன். "இத எங்கிட்டயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே. இதுக்கா இத்தன தூரம் வந்து பூப் போட்டே?"

"உங்களக் கேட்டா, இருந்துக்குவேன்னு பொய் சொல்லுவீங்க" என்றாள்.