மண்டபத்தில் கிடந்த ஆள்

எங்கள் பட்டின சபை மண்டபத்தைப் பற்றி எழுதப் படித்தவர்கள் பலர் இருக்க, பத்தாம் வகுப்போடு நின்ற நான் பேனா எடுத்தது சரியோ தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபை வெறும் கிராமச் சங்கமாக இருந்த காலத்தில், சனங்கள் தங்கள் வண்டில்களில் கல்லேற்றி வந்து கட்டிய மண்டபம் அது. முதலாவது சபை போட்ட தீர்மானங்களில் ஒன்று, ஊரில் இறந்துபோகும் வழிப்போக்கரைத் தெருவில் விடக்கூடாது என்பது. உரியவர் வந்து பார்க்க ஒரு நாள் மண்டபத்தில் வைக்க வேண்டும். எவரும் வராவிட்டால் சபையே அடக்கம் செய்ய வேண்டும். மலேரியாக் காலத்துத் தீர்மானம் என்பார்கள். சண்டைக் காலத்திலும் சபை அதைக் கைவிடவில்லை. ஆனால் அப்போது வாசலில் ஆமி, அதாவது இராணுவம், நின்றது. பிரேதத்தைக் கேட்டு வருபவரின் வீட்டுக்கு அன்றே போய், இருக்கிற இளம் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. இயக்கத்துக்குப் போன சின்ன மாமாவைப் பற்றி, அதாவது அம்மாவின் தம்பியைப் பற்றி, வெகுநாளாகத் தகவல் இல்லை. மண்டபத்தில் ஒரு பொடியன் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். ஆமிக்குப் பயந்து பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள் இருந்த அண்ணனை வெளியே வரவேண்டாம் என்றார்.

மண்டபத்துக்குள் அம்மா என் முகத்தைத் தன் சேலையோடு அணைத்துக்கொண்டார். சபை வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர், வயதான மனிதர், துணியை விலக்கினார்.

“தெரியுமோ பிள்ளை?”

“இல்லை ஐயா. ஆரோ பிறத்தி ஆள்.” அம்மா பிறகு, “அநாதைதானே, ஒரு பிடி வாய்க்கரிசி போட்டால் குற்றமோ?” என்றார். அரிசியை அவர் முந்தானையிலேயே முடிந்து கொண்டுவந்திருந்தார்.

“போடுங்கோ. எங்கட ஊருக்கு வந்த ஆள்தானே.” ஓவசியர் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே பக்கத்து வீட்டு மாமி. “என்னடி, உங்கட ஆளோ?”

“இல்லை மாமி! எங்கட மாமா இல்லை!” என்று கத்தினேன். துள்ளித் துள்ளி நடந்தேன். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் தட்டினான்.

வீட்டுக்கு வந்த அம்மா கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவருக்காக ஏன் இவ்வளவு முழுக்கு என்று அண்ணனிடம் கேட்டேன்.

அது சின்ன மாமாதான் என்று அம்மா சொன்னது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு. என் சந்தோசத்தைப் பார்த்துத்தான் ஆமி நம்பியது என்றும் சொன்னார். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனாரா என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்த மறுநாள் காலையில் சபையின் உழவு இயந்திரம் பிரேதத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனது. மண்டபத்தைக் கழுவினார்கள். பின்னேரம் அங்கே மீன்சந்தைக் குத்தகை பற்றிக் கூட்டம் நடந்தது.