பாட்டில் இல்லாத பிள்ளை

இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோட்டயத்தில் டாக்டர்கள் சொல்லி அனுப்பிய பிறகுதான் தம்பி அந்தப் பாட்டை எழுத ஆரம்பித்தான். அம்மாவுக்கு வயிற்றில் புற்று. வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அம்மாவுக்கும் தம்பிக்கும் இரண்டு அறை. நான் தேனியில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தேன். அப்பா இறந்து பல வருடமாகிறது. தம்பி ஜீப் ஓட்டுவான். ஞாயிறன்று சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். அன்னையர் தினத்துக்கு அவனையே ஒரு பாட்டு போடச் சொல்லியிருந்தார் பாஸ்டர்.

சனிக்கிழமை மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து பாடிக் காட்டினான்.

'நீ பசித்து எமக்கு ஊட்டினாய், இரு விளக்கை அணையாமல் காத்தாய்' என்று வந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ரெண்டு பிள்ளைன்னா பாடுத?"

"ஆமாம்மா. அக்காவும் நானும்."

"நான் மூணு பெத்தேன்லய்யா."

தங்கை இறந்தபோது அவனுக்கு விவரம் தெரியாது. எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. அடைமழை. குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும். ரோட்டில் மண் சரிந்து ஜீப் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் குழந்தையை பிளாஸ்டிக் தாளால் மூடித் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள். பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

அன்றைக்கு அம்மா பேசினாள். இடையிடையே மூச்சு வாங்கியது.

"அந்த வாரமே காயெடுக்கப் போயிட்டேன். பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் கல்லு மாதிரி. ஏலச்செடி மூட்டுல குத்தவச்சுப் பீச்சி விட்டேன். கங்காணி பாத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு."

அம்மா தம்பி பக்கம் திரும்பினாள்.

"பட்டினி கெடந்ததெல்லாம் பெருசில்லய்யா. அரிசி இல்ல, திங்கல. அத எடுத்துட்டு அவளப் போடு."

"அவ பேரு என்னம்மா?" என்று கேட்டான் தம்பி.

"ஞானஸ்நானம் குடுக்கல. பாப்பான்னுதான் கூப்பிட்டோம்."

தம்பி வெளியே போய் ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டான். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாள் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. சர்ச்சிலிருந்து ஒரு பையன் வீடியோ காலில் காட்டினான். போனை அம்மாவின் காதோரம் பிடித்திருந்தேன். 'பேரிடுமுன்னே போனவளுக்கும் நெஞ்சில் பால் சுரந்தவளே' என்று தம்பி பாடியபோது பெண்கள் பக்கம் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்ததும் அம்மா, "கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த தம்பியிடம் சபைப் பெரியவர் ஒருவர், "நல்ல நாளும் அதுவுமா சாவு எதுக்கு தம்பி?" என்று கேட்டாராம். இவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சாயங்காலம் அம்மாவோடு காயெடுத்த ஒரு அக்கா வந்தாள். வெகுநேரம் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தாள். எழுந்திருக்கும்போது, "எனக்கும் ஒண்ணு போச்சுல்லா. ஆம்பளப் பிள்ள" என்றாள். அம்மா அவள் கையை விடவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். பாப்பாவின் பக்கத்திலேயே அடக்கம் செய்யலாம் என்று தம்பி சொன்னான். கல்லறைத் தோட்டத்தில் நானும் அவனும் தேடினோம். பாப்பாவுக்குக் கல் வைக்கவில்லை, சிலுவையும் நடவில்லை. அந்த அக்காவைக் கேட்டோம், பாஸ்டரைக் கேட்டோம். யாருக்கும் இடம் தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

குழி வெட்டுகிறவர்கள் மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். மதிலோரம் காலியாயிருந்த இடத்தைக் காட்டினோம்.