எல்லாருமா, நான் மட்டுமா

கலியபெருமாள் எனக்குச் சித்தி மகன், தம்பி முறை. அவன் பெண்டாட்டி காத்தாயி அவலூர்பேட்டைப் பக்கம். என் நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அப்படி இரண்டு வழியிலும் எனக்கு உறவான வீட்டில் மூத்ததாகப் பிறந்தவள் ஆண்டாள். எங்கள் சனத்தில் பன்னிரண்டாவது தேறிய முதல் பெண். இன்றைக்கு அவள் பெரிய டீச்சர். ஆனால் அந்த வேலையை வாங்கிக்கொடுத்தது அவள் மார்க் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு இலைக்கும் அதில் பங்கு உண்டு.

எண்பத்து நாலாம் வருஷம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் வருகிற மாதிரி இருந்தது. ஆனால் ஹாஸ்டலும் கிடைத்தால்தான் படிப்பு. சாயங்கால பஸ் செஞ்சியோடு நின்றுவிடும்; அங்கிருந்து எங்கள் காலனிக்குக் கொல்லைக்காட்டு வழியே இருட்டில் வயசுப் பெண் நடந்து வர முடியாது. ஹாஸ்டலில் இருந்ததோ கொஞ்சம் இடம். கேட்ட பெண்களை எல்லாம் ஒருநாள் வரச்சொல்லி, மதியம் அங்கேயே சாப்பாடு போட்டு, அதன் பிறகு வார்டன் பேசிப் பார்ப்பாராம். வந்த கார்டில் கடைசியாக ஒரு வரி இருந்தது: 'உணவுக்கூட ஒழுங்கைக் கடைப்பிடிக்கவும்.'

அந்த ஒரு வரியில் காலனியே கலங்கிவிட்டது.

"சோறு துன்றதுல இன்னாடி ஒழுங்கு?" என்றாள் காத்தாயி.

எதிர்வீட்டு ராஜாராம் செஞ்சியில் லாரி ஆபீஸில் மூட்டை தூக்குகிறவன், ஊர் உலகம் பார்த்தவன். "ரசம் முழங்கைக்கு வழிஞ்சிதுன்னு வையி, சீட்டு கிழிஞ்சிது. அப்பளம் நொறுக்குற சத்தம் கேக்கக்கூடாது" என்றான்.

"நீ எந்தக் காலேஜ்ல துன்ன?"

"கேள்விதான் அண்ணி."

கலியபெருமாள் இதில் விளையாடவில்லை. மகளைச் செஞ்சிக்குக் கூட்டிப்போய், பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான், பழகட்டும் என்று. நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள். முடித்ததும் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பரிமாறுகிறவர் சிரித்து, "வச்சிட்டுப் போம்மா, நாங்க எடுப்போம்" என்றார்.

கலியபெருமாளுக்கு முகம் செத்துவிட்டது. அவள் எங்கே கற்றாள் என்று அவனுக்குத் தெரியும். பண்ணை வீட்டில் விசேஷம் என்றால் எங்கள் ஆட்களுக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கடைசிப் பந்தி. மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போவார்கள். நாங்கள் எங்கள் இலையை நாங்களே எடுத்துப் போட்டு, உட்கார்ந்த இடத்தில் சாணி தெளித்துவிட்டு வரவேண்டும். சின்ன வயசிலிருந்து அவன் அப்படி எடுத்தவன்.

திரும்பி வரும் வழியில் மகளிடம் சொன்னான்: "சோறு சிந்துனாலும் சிந்து. எலைய மட்டும் எந்த எடத்துலயும் எடுக்காத. எடுத்துட்டு வந்தன்னா என் மூஞ்சில முழிக்காத."

"எடுக்கமாட்டேன் நைனா."

குறித்த நாளில் காத்தாயி கூடப் போனாள். பெற்றவர்களை வராந்தாவில் உட்கார்த்திவிட்டார்கள். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததையும் ஆண்டாள் பிறகு சொன்னதையும் வைத்துத்தான் நான் சொல்கிறேன்.

ஹாஸ்டல் பிள்ளைகள் வழக்கமாகத் தட்டில் சாப்பிடுகிறவர்கள். வந்த கூட்டத்துக்குத் தட்டு போதாதென்று அன்றைக்கு இலை. பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வார்டன் சுந்தராம்பாள் எதிர் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஆண்டாள் ஓரத்து இலை. ராஜாராம் சொன்னதை நம்பி, அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். ஒரு பருக்கை கீழே விழவில்லை.

மோர் சோறு முடிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரிய கிளாஸ் பெண் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். "எலைய எடுத்துடு" என்றாள் ஆண்டாளிடம்.

ஆண்டாள் இலையைத் தன் பக்கமாக மடித்தாள். எழுந்திருக்கவில்லை.

"எடும்மா, அடுத்த பந்தி ஒக்காரணும்."

"எல்லாருமாக்கா, நான் மட்டுமா?"

குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. மோர் வாளியைத் தூக்கி வந்தவள் அப்படியே நின்றாள். சன்னலில் காத்தாயிக்கு உயிர் போய்விட்டது. "போச்சு, பாழாப்போச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாளாம். ஓடிப்போய்த் தானே அந்த இலையை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கால் வைத்தாள். புருஷன் சொன்னது நினைவுக்கு வர, நின்றுவிட்டாள்.

"எல்லாரும்தாம்மா. இங்க அவங்கவங்க எலைய அவங்கவங்கதான் எடுக்கணும்" என்றார் சுந்தராம்பாள்.

"நீங்களுமா டீச்சர்?"

அந்தம்மா தன் இலையை மடித்தார், எழுந்தார், அதை ஏந்திக்கொண்டு ஆண்டாளைத் தாண்டிப் பின்வாசல் தொட்டி வரைக்கும் போனார். இலை தொட்டியில் விழுவதைப் பார்த்த பிறகுதான் ஆண்டாள் தன்னுடையதை எடுத்தாள்.

பக்கத்து இலை ஒரு பெரிய வீட்டுப் பெண், சுந்தராம்பாளின் ஊர்க்காரி என்று பேச்சு. பிறந்ததிலிருந்து எச்சில் இலையைத் தொட்டதில்லை போல. "இதையும் சேத்து எடுத்துட்டுப் போயேன்" என்று கிசுகிசுத்தாள்.

"ரெண்டு கையிலயும் எலைய வச்சிக்கினா பைப்ப யாரு தொறக்கறது? வா, ஒண்ணாப் போவலாம்."

அவளும் வந்தாள், ஈரம் பண்ணிய குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இலையை எட்டப் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் ரசம் பாவாடையில் ஊற்றிக்கொண்டது. பிறகு படிப்பு முடிகிற வரைக்கும் இருவரும் ஒரே அறை.

தனியாகக் கூப்பிட்டபோது சுந்தராம்பாள் கேட்டது அதைத்தான். "எதுக்கும்மா அப்படிக் கேட்ட?"

"எங்க நைனா எலைய எடுக்காதன்னு சொல்லிச்சி டீச்சர். எல்லாரும் எடுக்கற எடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதான் கேட்டுக்கினேன்."

அந்தம்மா, "பெட்டியத் தூக்கிக்கினு திங்கக்கெழம வந்துடு" என்றார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கலியபெருமாள் காத்திருந்தான். இடம் கிடைத்ததா என்று கேட்கவில்லை. "எலைய எடுத்தியா?" என்றான்.

"எடுத்தேன் நைனா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "முழுசா கேளுய்யா. வார்டனம்மாவும் எடுத்துது. பெரிய வூட்டுப் பொண்ணும் எடுத்துது. பாவாடையெல்லாம் ரசம் அதுக்கு."

"மொதல்ல யாரு எடுத்தது?"

"வார்டனம்மாதான்."

அவன் மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஏரிக்கரை ஏறும்போது, "பாவாடையிலயா ஊத்திக்கிச்சி?" என்று கேட்டுச் சிரித்தானாம்.

தை மாசத்தில் பண்ணை வீட்டில் கல்யாணம். கொட்டகைக்குப் பின்னால் அதே கடைசிப் பந்தி. நானும் இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் கணக்குப்பிள்ளை ராஜாங்கம் வந்து, "ம், எலைய எடுங்க" என்றார்.

கலியபெருமாள் இலையைத் தன் பக்கமாக மடித்தான். "எல்லாருமாங்க, நாங்க மட்டுமா?" என்றான்.

ராஜாங்கம் முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த இலைகள் அப்படியே கிடந்தன. நாங்கள் எல்லோரும் இலையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனோம்.