முன் சக்கரத்துக்கு வைத்த கல்

சித்திரை வெயிலுக்குத் தப்பி ஏற்காடு போயிருந்த நாங்கள், மஞ்சக்குட்டை தாண்டி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று காரை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்தபடியே ஓட்டினேன். கருகல் வாடை வருவதாக மனைவி இரண்டு முறை சொன்னாள்.

"எஸ்டேட்ல சருகு எரிக்கிறாங்க" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு வளைவில், பள்ளத்தாக்கைப் படம் எடுக்கப் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அங்கே ஓரச்சுவர் இடிந்து கிடந்தது. பஸ்ஸுக்காக நின்றிருந்த எஸ்டேட் தொழிலாளிப் பெண் ஒருவர், பெரிய கல்லைத் தூக்கிவந்து முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

"யாரைக் கேட்டு வைக்கிறீங்க?" என்று கத்தினேன்.

"ஏனுங்க, சக்கரம் பொகையுதுங்க. ஒரு மணி நேரம் ஆறட்டுங்க."

நான் பதில் சொல்வதற்குள், என் காலடியில் பிரேக் பிடிமானமே இல்லாமல் கடைசி வரை இறங்கியது. கார் நகர்ந்து கல்லில் முட்டி நின்றது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு எல்லோரும் இறங்கினோம். அரைமணி நேரத்தில் பிரேக் மறுபடி இறுகியதுபோல் இருந்தது. அப்போது பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறவில்லை.

"நீங்க போகலையா?" என்று மனைவி கேட்டாள்.

"நான் போயிட்டா அவரு கல்லை எடுத்துப் போட்டுட்டு எறங்கிருவாருங்க."

மனைவி சிரித்தாள். காரின் மறுபக்கம் குனிந்திருந்த என்னை அவள் பார்க்கவில்லை. என் கை அந்தக் கல்லின் மேல்தான் இருந்தது.