லயத்துக் கதவில் "மித் ஹூஸ்"

நோர்வேயில் வேலை தேடப் போகிறேன் என்பதால், இன்றும் போனில் நோர்வீஜியன் வகுப்பு. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிக்னல் கிடைக்காது.

"உங்கட வீட்டைப் பற்றி ஒரு வசனம் சொல்லுங்கோ" என்றார் டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒஸ்லோவில் இருப்பவர்.

"மித் ஹூஸ்..." என்று ஆரம்பித்தேன். என் வீடு.

"பிழை இல்லை. ஆனா இங்க வழக்கமா வீட்டை முதல்ல சொல்லி, 'என்'னைப் பிறகுதான் சொல்லுவினம். ஹூஸெ மித். 'என்'னை முன்னுக்கு வச்சால், ஆரோ 'உன்ர இல்லை' எண்டு சொன்னதுக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும்."

நான் லயத்தில் இருப்பது தெரிந்த, கூடப் படிக்கும் கொழும்புக்காரர் ஒருவர் சிரித்தார். "லயம் தோட்டத்துக்குத்தானே சொந்தம்?"

உண்மைதான். ஒழுகும் தகரத்தை மாற்றக்கூட அப்பா தோட்ட ஆபீசில் கடுதாசி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாத்தா பிறந்ததும் இதே காம்பராவில்தான், என் தம்பி பிறந்ததும் இதில்தான். உறுதிப் பத்திரம் மட்டும் யாரிடமும் இல்லை.

"டீச்சர், நான் சண்டைதாங்க புடிக்கிறேன். 'என்' முன்னாடியே இருக்கட்டும்" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப சரியான இடத்திலதான் வச்சிருக்கிறீங்கள்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் வெண்கட்டியை எடுத்து "மித் ஹூஸ்" என்று கதவில் பெரிதாக எழுதிவிட்டேன்.

தோட்ட ஆபீசில் நோர்வீஜியன் தெரிந்தவர் யாராவது இருந்தால், வந்து திருத்திப் பார்க்கட்டும்.