நட்சத்திரத்துக்குப் பவுடர் போட்ட கதை

பிள்ளைகளா, ஆனையூர்ப் பக்கம் வந்தால் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று அதில் சிரிக்கிற முகங்களில் முக்கால்வாசி என் கைவண்ணம். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் கற்ற முதல் வித்தை, முகத்தை வெள்ளையாக்குவது. யார் போட்டோ கொடுத்தாலும் கேட்காமலே இரண்டு சுற்று வெளுப்பேற்றுவேன். கேட்டுவிட்டால் நான்கு சுற்று.

இந்தக் கையோடு நட்சத்திரத்தைப் படம் பிடிக்கப் போனேன்.

ஏழாவது படிக்கிற என் மகள் வகுப்பில் எழுந்து, நட்சத்திரம் எல்லாம் வெள்ளை இல்லை, ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து பெஞ்சுப் பையன் சிரித்துவிட்டான். இவள் விடுவாளா? "எங்கப்பா போட்டோ எடுத்துத் தருவாரு, பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது.

டி. கல்லுப்பட்டி தாண்டி என் மனைவியின் தம்பிக்குக் காடு இருக்கிறது. பருத்திச் செடியைத் தவிர வேறு மறைப்பு இல்லை, விளக்கும் இல்லை. தை மாதம் பொழுது சாய்ந்ததும் கார்த்திகைக் கூட்டமும் ரோகிணிக் கூட்டமும் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். என் பேனர் கடைக் கேமராவை முக்காலியில் மாட்டினேன். வெளிச்சம் எம்புட்டு வாங்க முடியுமோ அம்புட்டும் வாங்கட்டும் என்று ஐஎஸ்ஓவைக் கடைசி வரை ஏற்றி, எட்டு நொடி கேமராக் கண்ணைத் திறந்து வைத்தேன்.

"என்ன மச்சான், ரோகிணிக்குப் பேனர் அடிக்கப் போறீகளா?" என்றான் மைத்துனன்.

"டார்ச்ச அமத்து மாப்ள, மானம் போகுது."

மறுநாள் கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு சுற்று வெளுப்பும் ஏற்றி, பளபளவென்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பெருமையாகக் கொண்டுபோன மகள், சாயங்காலம் படத்தைப் பைக்குள் மடித்துக் கொண்டுவந்தாள்.

"கறுப்புத் துணியில உப்பக் கொட்டுன மாதிரி இருக்காம். எல்லாமே வெள்ளை. நான் பொய் சொல்றேனாம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். "நான் சொன்னது பொய்யாப்பா?" என்று கேட்டாள்.

இங்கேதான் நான் என் வாழ்நாள் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அதே படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தேடி வண்ணம் பூசினேன். நாலு சிவப்பு, நாலு நீலம். பேனர் ஓரத்துக்கு நான் எப்போதும் போடுகிற கிளிப்பச்சையிலும் ஒன்று.

மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது கேமரா எடுத்ததா, நீங்க பூசுனதா?"

"கொஞ்சம் எடுப்பா காட்டியிருக்கேன்."

"பச்சையாத் தெரியுற நட்சத்திரமே கிடையாதுப்பா. இதக் கொண்டுபோனா அவன் சொன்னதுதான் நெசமாகும்."

படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எத்தனையோ பேர் பேனரைத் திருப்பிக் கொண்டுவந்து திட்டியிருக்கிறார்கள். இவள் திட்டவில்லை. அதுதான் வலித்தது.

அந்த வாரமே கப்பலூர்க் கம்பெனியில் வேலை பார்க்கிற வாடிக்கைக்காரத் தம்பி ஒருவர், தன் தங்கை வளைகாப்புக்குப் பேனர் அடிக்கச் சொல்லியிருந்தார். மானிட்டரில் பார்த்ததும் முகம் சுளித்தார். "அண்ணே, தங்கச்சி போட்டிருக்கது சிவப்புக்கல்லு மூக்குத்திண்ணே. நீங்க சுண்ணாம்பு வச்சு விட்டிருக்கீங்க."

உற்றுப் பார்த்தேன். முகத்துக்கு ஏற்றின வெளிச்சம் மூக்குத்தியையும் தின்றிருந்தது. குறைத்தேன். சிவப்பு திரும்பி வந்தது. எனக்குப் பொறி தட்டியது. கேமராவுக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டம்ளர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நிரம்பி வழிந்துவிட்டால் எதில் அதிகம் விழுந்தது என்று எப்படித் தெரியும்? எல்லாம் வெள்ளைதான். ஆசையாக ஓடிப்போய் நட்சத்திரப் படத்திலும் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். எடுக்கும்போதே வழிந்துபோனதற்கு அப்புறம் மருந்து கிடையாது.

மறுபடியும் கல்லுப்பட்டிக் காடு. இந்த முறை மகளும் வந்தாள். ஐஎஸ்ஓவை இறக்கி, மூன்றே நொடி வைத்தேன். போனில் எதையோ படித்துவிட்டு, "ஃபோகஸ இத்தினியூண்டு கலைக்கணுமாம். அப்பத்தான் வெளிச்சம் ஒரே புள்ளியில குவியாதாம்" என்றாள். மங்கலாகப் படம் எடுக்கிறவனை என் தொழிலில் வாசல்படி ஏற்ற மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஊசிமுனைகள் கடுகு அளவுக்கு விரிந்திருந்தன. ரோகிணியின் பெரிய நட்சத்திரம் சூளைக் கங்கு நிறத்தில் இருந்தது. கார்த்திகைக் கூட்டம் சொட்டுநீலத்தில் அலசின வேட்டி மாதிரி. யாரும் பூசாத நிறம்.

"அட, நெசமாவே கலரு மச்சான்! இம்புட்டு நாளும் தலைக்கு மேலதான கெடந்துச்சு?" என்றான் மைத்துனன். மகள் திரையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் நிறத்தை மட்டும் ஒரு சிட்டிகை கூட்டினோம். அடுத்து என் கை தன்னாலே வெளுப்பேற்றும் இடத்துக்குப் போனது. மவுஸின் மேல் மகளின் கை வந்து உட்கார்ந்தது.

"ஒரே ஒரு சுற்று..."

"அப்பா."

விட்டுவிட்டேன். பிரிண்டைப் பார்த்த என் மனைவி, "கரண்டு போனப்ப எடுத்ததா?" என்று கேட்டாள்.

கண்காட்சி முடிந்து மகள் வந்தாள். கையில் படம் இல்லை. வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம்.

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"உங்கப்பா கம்ப்யூட்டர்ல பூசியிருப்பாருன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"எங்கப்பா கை வச்சிருந்தா இம்புட்டு இருட்டா விடுவாரா, அவரு அடிச்ச உங்க மாமா கல்யாணப் பேனரப் போய்ப் பாருடான்னேன். உடனே நம்பிட்டான்."