ஆர்விட் கேட்ட வரிசை

ஆர்விட் லக்ஸோ தட்டில் இருப்பதைக் கலந்து சாப்பிட மாட்டான். முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் இறைச்சி, கடைசியில் பட்டாணி. அமெரிக்காவில் டுலூத் நகரத்தில் அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் மதியச் சாப்பாடு போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? பிடிவாதக்காரன் என்பார்கள். நல்லவன் என்பேன் நான், யார் மறுத்தாலும் சரி.

அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு ப்ரோக்ராம் எழுதினார்கள். முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களை வந்த வரிசையில் கூப்பிட ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்குள் ஹாஷ் மேப் என்று ஒன்று வைக்க வேண்டுமாம். ஆளின் எண்ணைக் கொடுத்தால் அவன் விவரத்தைச் சட்டென்று எடுத்துத் தரும் பெட்டி என்று ஆர்விட் எனக்குச் சொல்லியிருக்கிறான். அதில் ஒரு வகை, உள்ளே போட்ட வரிசையை மறக்காது, கொஞ்சம் மெதுவு. இன்னொரு வகை தன் கணக்குப்படி அங்கங்கே போட்டு வைக்கும். வேகம் உண்டு, வரிசைக்குப் பொறுப்பில்லை. ஆர்விட் முதல் வகையை வைத்திருந்தான். அவனுக்கு மேலே இருந்த ப்ரென்னா, மகள் வயதுக்காரி, அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சுவர்த் திரையில் ஓட்டிக் காட்டினாள். ஒன்று முதல் பத்துவரை கொடுத்தாள். அப்படியே வந்தது.

"பாத்தீங்களா தாத்தா? வரிசையாத்தானே வருது?"

"சின்ன எண்ணும்மா. தற்செயலா அப்படி விழுது. ஆஸ்பத்திரில எண்ணெல்லாம் நீளமா இருக்கும், அதப் போட்டு ஓட்டிப் பாரு."

"உங்களுக்கு உருளைக்கிழங்குகூட வரிசையா வேணும். அதுக்காக ஊரே அப்படி இருக்கணுமா?"

ஒரே சிரிப்பு. ஒருத்தன் எழுந்து வந்து ஆர்விட்டின் தட்டில் இருந்ததையெல்லாம் முள்கரண்டியால் பிசைந்துவிட்டான். ஆர்விட் தட்டைத் தள்ளி வைத்தான். அந்த வாரமே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று.

குளிர் கடுமையாக இருந்த பிப்ரவரியில் அவனுக்கு மூச்சு இழுத்தது. காப்பீடு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது, வர மாட்டேன் என்று அடம். கையைப் பிடித்து, முன்பதிவு கேட்காத சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கதவு திறக்குமுன்பே போய் நின்றோம். முதலில் பதிந்தது அவன் பெயர்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பெயர் கூப்பிடும் திரையையே ஆர்விட் பார்த்தான். சிரிக்கப் போய் இருமினான்.

"அக்கா, இது ப்ரென்னா வச்ச பெட்டி."

பெயர் பதியும் பெண் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குப் போனேன். "முதல்ல வந்தவன் இவன்மா. மூச்சு விட முடியல அவனுக்கு."

"கம்ப்யூட்டர்ல அவரு கீழ இருக்காரு. வரிசை நாங்க போடறதில்ல. போய் உக்காருங்க."

"பாட்டி, குறுக்க நுழையாதீங்க," என்றான் எங்களுக்குப் பின்னால் வந்து, எங்களுக்கு முன்னால் போகவிருந்த ஒருத்தன். "நாங்கல்லாம் வரிசைல வரல?"

ஆர்விட் என் சட்டைக் கையை இழுத்தான். "விடுங்கக்கா. அவங்களுக்குத் திரைல தெரியறதுதான் வரிசை."

உட்கார்ந்தேன். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

கூடம் காலியாகும் நேரத்தில் கூப்பிட்டார்கள். "ஆர்விட் லக்ஸோ!"

தட்டினேன். கன்னம் சில்லென்றிருந்தது.

"ஆர்விட் லக்ஸோ இல்லையா?"

"இருக்கான்! இருக்கான்!" என்று கத்தினேன்.

அவன் எழுந்து வரவில்லை. அந்தப் பெண் எதையோ தட்டினாள். திரையில் அடுத்த பெயர் வந்தது.